நரிப்பயறை இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

கேட்கப்பட்டது இதுதான்: தரையோடு தரையாகப் படர்கிற ஒரு காட்டுப் பயறுக் கொடி. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், ஒவ்வொரு சிற்றிலையும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கிறது. சின்ன மஞ்சள் பூ, மெல்லிய உருளைக் காய். இது நரிப்பயறா, காட்டுப் பாசிப்பயறா? எதை வைத்து உறுதி செய்வது? இது எந்த மாதிரி இடங்களில் வளரும்?

இந்த அடையாளங்களைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது நரிப்பயறுதான். தாவரவியல் பெயர் விக்னா டிரைலோபேட்டா. ஆனால் நீங்கள் சொன்ன அத்தனை அடையாளங்களும் அதன் நெருங்கிய உறவுச் செடிகள் இரண்டு மூன்றுக்கும் அப்படியே பொருந்தும். இலையின் மடலைப் பார்த்துப் பெயர் சொல்வதால்தான் இந்தக் கூட்டத்தில் இவ்வளவு குழப்பம். இலை ஒரே கொடியில்கூட மாறும். இலைக்காம்பின் அடியில் இருக்கிற செதில், காயின் மேற்பரப்பு, செடி நிற்கிற மண், இந்த மூன்றும் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. அதனால் அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் குடும்பம். அவரைக் குடும்பத்தில் விக்னா பேரினத்துக்குள் ஆசியப் பயறுகளுக்கென்று ஓர் உட்பிரிவு உண்டு. அதற்குப் பெயர் செரட்டோட்ரோபிஸ். பாசிப்பயறு, உளுந்து, பொதுவாக மோத் என்று விற்கிற பயறு, அரிசிப்பயறு, ஜப்பானின் அசுகி எல்லாம் அதில் அடங்கும். நரிப்பயறும் அங்கேதான் இருக்கிறது. செடிகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் இதை டோலிக்கோஸ் பேரினத்தில் வைத்தார். 1789இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் அய்ட்டன் ஃபேசியோலஸுக்கு மாற்றினார். 1968இல் தாவரவியலாளர் வெர்ட்கோர்ட் விக்னாவுக்குக் கொண்டுவந்தார். பழைய வேளாண் நூல்களிலும் மூலிகை நூல்களிலும் ஃபேசியோலஸ் டிரைலோபஸ் என்று பார்த்தால் இதே செடி என்று எடுத்துக்கொள்ளலாம், பின்னால் சொல்லப்போகிற ஒரு விலக்கோடு. குரோமோசோம் எண்ணிக்கை 22. இந்த உட்பிரிவில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் அதேதான்.

சரி, செடிக்கு வருவோம்.

வேர் ஒரு மெல்லிய ஆணிவேர். அது நேராகக் கீழே இறங்கும். பக்க வேர்களில் கடுகளவோ அதற்குச் சற்றுப் பெரிதாகவோ உருண்டையான முடிச்சுகள் இருக்கும். மண்ணோடு பெயர்த்தெடுத்து, தண்ணீரில் மெதுவாக அலசி, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜன் செடிக்குக் கிடைக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு இன்னும் தொடங்கவில்லை, அல்லது வேலையை முடித்துவிட்டது. தட்டைப்பயறு, பாசிப்பயறு முதலியவற்றில் குடியிருக்கிற அதே பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியாக் கூட்டம்தான் இதிலும் தங்குகிறது. உரமே பார்க்காத மணலில் இந்தக் கொடி கரும்பச்சையாக நிற்பது இதனால்தான்.

ஆணிவேரின் தலையிலிருந்து பல கிளைகள் ஒரே நேரத்தில் புறப்பட்டு, நாலா பக்கமும் தரையில் பரவும். தண்டு மெல்லியது. சில கொடிகளில் முடியே இருக்காது, சிலவற்றில் ஆங்காங்கே கொஞ்சம் இருக்கும். கிளையின் நீளம் பெரும்பாலும் அரை மீட்டருக்குள் இருக்கும், ஈரம் நன்றாக இருந்தால் ஒரு மீட்டரைத் தொடும். பக்கத்தில் புல் இருந்தால் நுனி அதில் லேசாகச் சுற்றும். அதற்கு மேல் ஏறுகிற பழக்கம் இதற்குக் கிடையாது. வேலி மேல் ஏறி மூடிக்கொண்டிருக்கிற ஒரு பயறுக் கொடியைக் காட்டி இது நரிப்பயறா என்று கேட்டால், பூவைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இலைக்கு வருகிறேன். சிற்றிலை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கும். நடு மடல் நுனிப் பக்கம் அகன்று, அடிப் பக்கம் குறுகி, கரண்டி வடிவில் இருக்கும். பக்கவாட்டுச் சிற்றிலைகள் இரண்டும் ஒருபக்கமாகச் சாய்ந்தவை. அவற்றில் வெளிப்புற மடல் பெரிது, உட்புற மடல் சிறிது, சில சமயம் உட்புற மடலே இருக்காது. இதுதான் பாடப்புத்தக வடிவம். நடைமுறையில் கொடியின் அடிப்பகுதி இலைகளில் மடல் ஆழமில்லாமல் இருக்கும், நிழலில் வளர்ந்த கிளையில் இலை அகன்று மடல் மங்கிவிடும், வெயிலில் காய்ந்த மணலில் இலை சிறுத்து மடல் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். ஒரே செடியில் மூன்று வடிவங்களையும் பறித்து வரிசையாக வைத்தால் மூன்று இனம் என்று சொல்லத் தோன்றும். அதனால்தான் ஓர் இலையின் படத்தை மட்டும் வைத்து யாரும் உறுதியாகப் பெயர் சொல்லக் கூடாது என்கிறேன்.

இலை அசையும் விதமும் கவனிக்கத் தக்கது. சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் சற்றே பருத்த ஒரு கணு உண்டு. அதிலுள்ள செல்கள் நீரை வாங்கி உப்புவதும் இழந்து தளர்வதுமாக இலையைத் திருப்புகின்றன. காலையில் இலைப்பரப்பு சூரியனைப் பார்த்து விரிந்திருக்கும். உச்சி வெயிலில், அதுவும் மண் காய்ந்திருக்கும்போது, சிற்றிலைகள் நிமிர்ந்து விளிம்பை மட்டும் வெயிலுக்குக் காட்டும். சூடும் நீரிழப்பும் குறைகின்றன. இரவில் கீழ்நோக்கித் தொங்கிவிடும். நண்பகலில் எடுத்த படத்தில் செடி வாடியது போலத் தெரிந்தால் வாட்டம் என்று நினைக்க வேண்டாம், மாலையில் போய்ப் பாருங்கள்.

அடுத்தது இலையடிச் செதில். நான் முதலில் தேடுவது இதைத்தான். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பச்சைச் செதில்கள் இருக்கும். பெரும்பாலான அவரைக் குடும்பச் செடிகளில் செதில் தன் அடிமுனையால் தண்டில் ஒட்டியிருக்கும். இங்கே அப்படி இல்லை. செதிலின் உடலில் ஓரிடத்தில்தான் ஒட்டு. ஒரு பகுதி ஒட்டுக்கு மேலேயும் ஒரு பகுதி ஒட்டுக்குக் கீழேயும் நீண்டிருக்கும். விரல் நுனியால் கீழ்ப்பகுதியைத் தூக்கிப் பார்த்தால் அது தண்டிலிருந்து விலகி எழும்புவது தெரியும். இந்த ஒட்டு இருந்தால் செடி ஆசிய விக்னாக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். இல்லையென்றால் வேறு பேரினத்தைத் தேடுங்கள். நரிப்பயறில் செதில் முட்டை வடிவம், ஒரு சென்டிமீட்டருக்குள். அவ்வளவு சின்ன கொடிக்கு அது பெரிய செதில்தான், கண்ணாடி இல்லாமலே தெரியும்.

பூக்கள் இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட மூலையிலிருந்து, கிளம்பும் ஒரு நீண்ட காம்பின் உச்சியில் நெருக்கமாக இருக்கும். கொடி தரையில் கிடந்தாலும் இந்தக் காம்பு மட்டும் நிமிர்ந்து நிற்கும், இலைகளைத் தாண்டி மேலே. ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு பூக்கள்தான் விரியும். நிறம் மஞ்சள். பூவின் அளவு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. மேலே அகன்ற கொடியிதழ், இரண்டு பக்கமும் சிறகிதழ்கள், நடுவில் இரண்டு இதழ்கள் சேர்ந்த படகிதழ். சாதாரண அவரைப் பூவில் படகிதழ் நடுக்கோட்டில் நேராக இருக்கும். இந்தக் கூட்டத்தில் அது ஒருபக்கமாக வளைந்து, யானை துதிக்கையைத் திருப்பியது போல நிற்கும். பூவை எதிரே வைத்துப் பார்த்தால் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்காது. பல இனங்களில் படகிதழின் ஒரு பக்கத்தில் சின்னக் கொம்பு மாதிரி ஒரு பை துருத்திக்கொண்டிருக்கும். செரட்டோட்ரோபிஸ் என்ற பெயருக்கே அதுதான் காரணம். பாசிப்பயறிலும் உளுந்திலும் அந்தக் கொம்பு தெளிவாகத் தெரியும். நரிப்பயறின் பூ சிறியது என்பதால் உருப்பெருக்கி வேண்டியிருக்கும்.

உள்ளே பத்து மகரந்தத் தாள்கள். ஒன்பது சேர்ந்து ஒரு குழலாகவும், பத்தாவது தனியாகவும் இருக்கும். சூல்தண்டின் மேல்பகுதியில் ஒருபக்கமாக முடிகள் உண்டு, மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். ஆனாலும் பூங்கொத்தில் எறும்புகள் ஓயாமல் போய்வருவதைப் பார்க்கலாம். அவை பூவுக்காக வருவதில்லை. பூக்காம்புகள் சேருகிற இடத்தில் தேன் சுரக்கிற சிறு புடைப்புகள் உண்டு. எறும்பு அதற்காக வருகிறது. அது நடமாடுகிற இடத்தில் பிஞ்சைக் கடிக்கிற பூச்சிகள் அவ்வளவாகத் தங்காது.

காய் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர், உருளை, சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமன். நேராகவோ மிக லேசாக வளைந்தோ இருக்கும். மேற்பரப்பில் முடி இருக்காது, அல்லது தடவினால்கூடத் தெரியாத அளவு குட்டையான முடி இருக்கும். முற்றும்போது பழுப்பிலிருந்து கறுப்பாகும். உள்ளே ஆறு முதல் பன்னிரண்டு விதைகள் வரை. விதை பயிரிடும் பாசிப்பயறில் பாதியளவுதான், பளபளப்பில்லாமல், பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். காய்ந்த காய் வெயில் ஏறியதும் பட்டென்று இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் திருகிக்கொள்ளும். அந்த வேகத்தில் விதை தெறித்து விழும். மனிதர் பயிராக்கிய பயறுகளில் மாறிய முக்கியக் குணங்களில் இதுவும் ஒன்று, ஏனென்றால் தெறிக்கிற காயை அறுவடை செய்ய முடியாது. காட்டுச் செடியில் அது அப்படியே இருக்கிறது.

முளைக்கும் பருவத்திலும் ஓர் அடையாளம் உண்டு. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. பாசிப்பயறு, உளுந்து, நரிப்பயறு மூன்றிலும் பருப்பு, அதாவது விதையின் இரண்டு பாதிகள், மண்ணுக்கு மேலே வந்துதான் முளைக்கும். அதற்கடுத்து எதிரெதிராக இரண்டு தனி இலைகள் விரியும். பாசிப்பயறிலும் உளுந்திலும் இந்த முதல் இரண்டு இலைகளுக்குக் காம்பு இருக்காது, தண்டிலேயே உட்கார்ந்திருக்கும். நரிப்பயறில் தெளிவான காம்பு இருக்கும். ஆக, மடல் இலை எதுவும் வருவதற்கு முன்பே, விரற்கடை உயரத்தில் இந்த இரண்டு கூட்டங்களையும் பிரித்துவிடலாம். அசுகியிலும் அரிசிப்பயறிலும் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால் அவை இன்னும் எளிது.

இப்போது ஒத்த முகங்கள். காட்டுப் பாசிப்பயறு என்று நீங்கள் குறிப்பிட்டது பாசிப்பயறின் மூதாதையான காட்டு வடிவம். விக்னா ரேடியேட்டாவின் சப்லொபேட்டா வகை என்பார்கள். அதன் இலை பெரிது, மடல் இல்லாமலோ மேலோட்டமாகவோ இருக்கும். அதைக் கையால் தொட்டாலே போதும்: தண்டிலும் காயிலும் பழுப்பு நிறத்தில் விறைப்பான முடிகள் நிறைய இருக்கும். புல்லையும் புதரையும் பற்றி ஏறவும் செய்யும். வழவழப்பான காய் கையில் இருந்தால் அது இல்லை என்று அங்கேயே தள்ளிவிடலாம்.

மோத் பயறு, அதாவது விக்னா அகோனிட்டிஃபோலியா, இன்னும் நெருக்கமான உறவு. அதையும் தமிழில் நரிப்பயறு என்றே பல இடங்களில் எழுதிவிடுகிறார்கள், அதனால் பெயரை நம்பிப் பயனில்லை. அதன் மடல்கள் குறுகலானவை, நுனி கூரானவை, சில சமயம் ஐந்து வரை வரும். செதிலும் குறுகி நீண்டு ஈட்டி வடிவில் இருக்கும். நரிப்பயறின் மடல் நுனி மழுங்கல், செதில் அகலம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழப்பமே வராது, தனித்தனியாகப் பார்க்கும்போதுதான் வருகிறது.

வேறு பேரினங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரின்கோசியா மினிமாவும் மஞ்சள் பூவோடு படரும். அதன் சிற்றிலை மடல் இல்லாமல் சாய்சதுரமாக இருக்கும், இலையின் கீழ்ப்பரப்பில் மஞ்சள் சுரப்பிப் புள்ளிகள் தெரியும், காய் தட்டையாகவும் குட்டையாகவும் இரண்டு விதைகளோடு இருக்கும். காட்டு உளுந்து என்கிற டெராம்னஸ் லேபியாலிஸில் பூ மிகச் சிறியது, மஞ்சளும் இல்லை, காயின் நுனி கொக்கியாக மேலே வளைந்திருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட சிராட்ரோ என்ற கொடிக்கும் மடல் இலை உண்டு, ஆனால் இலையின் கீழ்ப்பரப்பு வெள்ளி முடியோடும் பூ கருஞ்சிவப்பு ஊதாவாகவும் இருக்கும். இவை எதிலும் நான் மேலே சொன்ன செதில் ஒட்டு கிடையாது.

கடைசியாக ஒரு செடியை வைத்திருக்கிறேன், முன்பே சொன்ன விலக்கு இதுதான். மின்னிப்பயறு, விக்னா ஸ்டிபுலேசியா. நெல் அறுத்த வயலில் தீவனத்துக்கும் பசுந்தாள் உரத்துக்கும் விதைக்கிற கொடி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நீண்டகாலமாக இருப்பது. ஆந்திரத்தில் பிள்ளிபெசர என்பார்கள். வேளாண் கையேடுகள் பிள்ளிபெசரவை ஃபேசியோலஸ் டிரைலோபஸ் என்றே எழுதிவந்தன. ஆனால் தென்னிந்திய நெல் தரிசுகளில் அந்தப் பெயரில் வளர்வதில் கணிசமானது உண்மையில் ஸ்டிபுலேசியா என்று பயறுகளை ஆராய்கிற ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையே தனிப் பயிராக்க முடியுமா என்று பார்த்தது. சீக்கிரம் விளைவது, பல நோய்களையும் பூச்சிகளையும் தாங்குவது என்று அதற்கு நிறைய நல்ல குணங்கள். காய் தெறிப்பதையும் விதை உறங்குவதையும் குறைத்த திடீர்மாற்றச் செடிகளையும் அவர்கள் உண்டாக்கினார்கள்.

இரண்டையும் பிரிப்பது எப்படி? ஸ்டிபுலேசியாவின் பெயர் செதிலிலிருந்தே வந்தது. செதில் பெரிது, நரிப்பயறில் இருப்பதை விடத் தெளிவாகப் பெரிது, தண்டை மறைப்பது போலத் தோன்றும். கொடி மொத்தமாகவே சற்றுப் பருமன், மடல் ஆழம் குறைவு. மண்ணைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் புலப்படும். நரிப்பயறு மணலையும் வடிகால் நன்றாக உள்ள லேசான மண்ணையும் நாடும். மின்னிப்பயறு களிமண்ணையும் ஈரம் பிடித்து வைக்கிற கனத்த வயல் மண்ணையும் நாடும். ஒரு நூல் இது மணற்பாங்கில் வளரும் என்கிறது, இன்னொன்று களிமண்ணுக்கு ஏற்றது என்கிறது, எது சரி என்று பலர் கேட்பார்கள். என் கணிப்பில் இரண்டு நூல்களும் பெரும்பாலும் சரிதான், அவை இரண்டு வெவ்வேறு செடிகளைப் பற்றிப் பேசுகின்றன. ஆகவே நீங்கள் பார்த்த கொடி நெல் தரிசில் இருந்ததென்றால் முதலில் ஸ்டிபுலேசியாவைச் சந்தேகியுங்கள். ஆற்றுப்படுகை, மணல் மேடு, சாலையோர மண் என்றால் நரிப்பயறு.

அது வளரும் இடத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செடியின் உடல் முழுவதும் அந்த இடத்துக்கேற்றபடிதான் இருக்கிறது. நரிப்பயறு இந்தியா முழுக்கச் சமவெளிகளில் பரவலாக உண்டு. இலங்கை, மியான்மர், இந்தோனேசியா, அந்தப் பக்கம் சூடான், எத்தியோப்பியா வரைக்கும் பதிவாகியிருக்கிறது. மலை ஏற ஏற அரிதாகிவிடும். அடர்ந்த காட்டுக்குள் இருக்காது. அதற்கு முழு வெயில் வேண்டும், பக்கத்தில் உயரமான போட்டி இருக்கக் கூடாது. அதனால் வரப்பு, மேய்ச்சல் நிலம், ஆற்று மணல், கடலோர மணற்பாங்கு, சாலையோரம், உழாமல் கிடக்கிற தரிசு என்று யாராவது அல்லது ஏதாவது அடிக்கடி கலைத்துவிடுகிற இடங்களில்தான் வாழ்கிறது. ஆடுமாடு மேய்வதோ வெள்ளம் மணலைப் புரட்டுவதோ நின்றுவிட்டால், சில ஆண்டுகளில் உயரப் புல்லும் புதரும் மூடி நரிப்பயறு காணாமல் போகும். ஒரு நிலத்தைச் சுற்றி வேலி போட்டு அப்படியே விட்டால் எல்லாச் செடிக்கும் நல்லது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேய்ச்சலோடு அது வாழும் விதத்தைப் பாருங்கள். கிளைகள் தரையை ஒட்டிக் கிடப்பதால் மாட்டின் வாய் நுனியைத்தான் கடிக்க முடிகிறது. நுனி போனால் வேர்த்தலையிலுள்ள மொட்டுகளிலிருந்து புதுக் கிளைகள் வரும். நிமிர்ந்து நிற்கிற பூக்காம்புகள் கடிபடுவது உண்மைதான், ஆனால் அவை ஒவ்வொரு கணுவிலும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். காயோடு சேர்த்துத் தின்றாலும் கடினமான விதைகளில் ஒரு பங்கு சாணத்தில் சேதமில்லாமல் வெளியே வரும். அப்படி வெகுதூரம் போவதற்கும் வழி கிடைக்கிறது. வெள்ளமும் அப்படித்தான், ஆற்று மணலில் அடித்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். காய் தெறிப்பது பக்கத்து இடத்துக்கு மட்டும்தான்.

விதையின் கடினம்தான் இதன் பெரிய பலம் என்பேன். வெளித்தோலில் நெருக்கமாக அடுக்கிய செல்கள் தண்ணீரை உள்ளே விடாது. வெயில் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டு, விதைத்தழும்புக்கு (விதை காயில் ஒட்டியிருந்த இடத்துக்கு) பக்கத்திலுள்ள பலவீனமான புள்ளியில் தோல் விடும்வரை விதை மண்ணில் கிடக்கும். ஒரே காயில் விளைந்த விதைகளில் சில இந்த மழைக்கு முளைக்கும், சில அடுத்த மழைக்கு, சில பல ஆண்டுகள் கழித்து. முதல் மழையை நம்பி எல்லாம் முளைத்துவிட்டு, அப்புறம் மழை பொய்த்தால் அந்த இடத்தில் கூட்டமே அழிந்துவிடும். அது நடக்காது. முளைத்த கொடி சுமார் ஒன்றரை இரண்டு மாதத்தில் பூத்துவிடும். ஈரம் தீர்ந்தால் அதோடு முடிந்து ஒரு பருவச் செடியாக நிற்கும். அடியில் ஈரம் இருக்கிற ஆற்றோரங்களில் வேர்த்தலை பிழைத்து அடுத்த பருவத்துக்கும் துளிர்க்கும். ஒரு நூலில் ஒருபருவச் செடி என்றும் இன்னொன்றில் பல்லாண்டுச் செடி என்றும் இருப்பதற்கு இதுவே காரணம்.

வளர்த்துப் பார்க்க விரும்பினால், விதைத்தழும்புக்கு எதிர்ப்பக்கத்தில் தோலை நகவெட்டியால் துளி கீறுங்கள், அல்லது உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓரிரவு ஊற வையுங்கள். ஊறிய விதை இரு மடங்கு பருக்கும். பருக்காமல் அப்படியே கிடப்பதை எடுத்து மறுபடி கீற வேண்டும். கீறாமல் போட்டுவிட்டு விதை செத்துவிட்டது என்று தூக்கி எறிகிறவர்கள் அதிகம்.

இந்தக் கொடியின் மதிப்பைப் பற்றி இரண்டு விஷயம். ஆயுர்வேதத்தில் முத்கபர்ணி என்பது இதுதான், ஜீவனீயம் என்ற பத்து மூலிகைத் தொகுதியில் ஒன்று. அங்கேயும் இதே அடையாளக் குழப்பம் உண்டு. காட்டுப் பாசிப்பயறையும் அதே பெயரில் சேகரிக்கிறார்கள். அதனால் காய்ந்த மூட்டையாக வாங்குகிறவர்கள் காயோடும் செதிலோடும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குவது நல்லது. நான் மருத்துவர் இல்லை, பயன்பாட்டைப் பற்றி அதற்கு மேல் பேச மாட்டேன்.

இரண்டாவது, பயிர்ப்பெருக்கம். பாசிப்பயறையும் உளுந்தையும் அழிக்கிற மஞ்சள் தேமல் நோயை எதிர்க்கும் குணம் காட்டுப் பயறுகளில் தேடப்படுகிறது, நரிப்பயறும் அந்தத் தேடலில் இருக்கிறது. வறட்சியையும் உவர் மண்ணையும் தாங்கும் குணத்துக்காகவும் இதன் வெவ்வேறு இடத்துச் சேகரிப்புகளைச் சோதித்திருக்கிறார்கள். பாசிப்பயறோடு இது எளிதில் கலப்பதில்லை. கலந்தாலும் கரு பாதியில் நின்றுவிடுவதும், பிழைத்து வரும் கலப்பினம் மலடாக இருப்பதும் வழக்கம். ஆனாலும் குணங்களைத் தேட மூலம் வேண்டும். அந்த மூலம் விதை வங்கியில் மட்டும் இருந்தால் போதாது. கடலோர மணலில் உப்போடு பழகிய கூட்டமும் உள்நாட்டு வறட்சியில் பழகிய கூட்டமும் அந்தந்த இடத்தில் தொடர்ந்து விதைத்துக்கொண்டிருக்க வேண்டும். வரப்புகளை அகற்றிப் பெரிய வயலாக்குவதும், எல்லா ஓரங்களிலும் களைக்கொல்லி அடிப்பதும், ஆற்று மணலை அடியோடு அள்ளுவதும் இந்தச் சின்னக் கொடியைச் சத்தமில்லாமல் அழிக்கின்றன. அதன் பெயரைக்கூட யாரும் கேட்காத நிலையில் நீங்கள் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி.

உங்கள் கொடியை உறுதி செய்ய நான் கேட்பது இவைதான். கொடி முழுவதும் தெரிகிற ஒரு படம், அதில் சுற்றியுள்ள மண்ணும் தெரிய வேண்டும். ஓர் இலைக்காம்பின் அடியை நெருங்கி எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்த ஒரு படம். காலையில் விரிந்த பூவை எதிரிலிருந்தும் பக்கத்திலிருந்தும். அடி இலை, நடு இலை, நுனி இலை மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு படம். காய்க்கு, முழுதாகக் காய்ந்ததை எடுக்க வேண்டாம், கை பட்டதும் தெறித்துவிடும். பழுப்பேறத் தொடங்கிய காய்களைக் காம்போடு கிள்ளி ஒரு காகித உறையில் போட்டு வாயை மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் உறைக்குள்ளேயே வெடித்துவிடும். பிறகு விதைகளையும் திருகிய தோடுகளையும் வெள்ளைத்தாளில் கொட்டிப் படம் எடுக்கலாம். உறையின் மேல் இடம், தேதி, மண் வகை மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.